ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி

கையை முகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு இந்த வயதிலும் போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, டாக்டருக்குக் காத்திருக்கும்போது, கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்கு முன்னால், என்னையறியாமல் வலது கை மூக்குக்குப் போய்விடும். “என்னம்மா அது, அசிங்கமா?” என்று மகள் திட்டுவாள். எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்குக் காரணம் தெரியும். மண்ணெண்ணெய் வாசனை வருகிறதா என்று பார்க்கிறேன். நீங்கள்தானே எனக்கு இதைப் பழக்கிவிட்டீர்கள்? பயப்படாதீர்கள், சண்டைக்கு வரவில்லை. இது உங்கள் தப்பைப் பற்றியது அல்ல.

நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. கூடிப் பேசினால் முட்டுவலி, சர்க்கரை, பிள்ளைகளின் வேலை. பழைய கதை பேசும்போது மட்டும் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகவே இருந்திருக்கிறோம்! திருடினவள், காட்டிக்கொடுத்தவள், பொய் சொன்னவள் ஒருத்தியும் நம் வகுப்பில் இருந்ததில்லை போலிருக்கிறது. அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. இன்றைக்கு அதை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிந்தது. நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகளில் ஒன்று, வாசலில் இரண்டே படி, உள்ளே நுழைந்ததும் சிவப்புச் சிமென்ட் போட்ட கூடம். அப்பாவுக்குக் கோர்ட்டில் எழுத்தர் வேலை. நாள் முழுக்கச் சாட்சியும் வாக்குமூலமும் எழுதி எழுதி வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால்கூட “இதுக்கு என்ன ஆதாரம்?” என்பார். ஆனால் பொய் சொல்ல மாட்டார். தெருவே அதற்குச் சாட்சி. எல்லைத் தகராறு, பங்குத் தகராறு என்று வருகிறவர்கள் எங்கள் கூடத்தில்தான் உட்காருவார்கள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து அப்பா பழைய மோட்டார் பைக் ஒன்றை வாங்கியிருந்தார். கறுப்பு வண்டி, பெட்ரோல் டாங்கின் மேல் தங்க நிறத்தில் ஒரு கோடு. தெருவில் விட்டால் மழையில் நனையும், பிள்ளைகள் கீறிவிடும். அதனால் சாயங்காலமானால் படிமேல் பலகையைச் சாய்த்து வண்டியை உருட்டிக் கூடத்துக்குள் ஏற்றிவிடுவார். அம்மாவுக்கு ஆகவே ஆகாது.

“ஊர்ல எல்லாவனும் மாட்டத் தொழுவுல கெட்டுதான். இவுக மட்டும் எண்ணெ ஒழுகுத சவத்தக் கொண்டாந்து நடுவீட்டுல கெட்டுதாக” என்பாள். அப்பா காதில் விழாத மாதிரி சட்டையைக் கழற்றுவார்.

எண்ணெய் ஒழுகியது உண்மைதான். காலையில் வண்டியை இறக்கியதும் சிவப்புத் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை கிடக்கும். அதைத் துடைக்கிற வேலை எனக்கு. ரேஷன் மண்ணெண்ணெயைப் பழைய பாவாடைத் துணியில் நனைத்துத் தேய்த்து, பிறகு சோப்புத்தண்ணீர், பிறகு வெறுந்தண்ணீர். எவ்வளவு கழுவினாலும் கையை விட்டு வாசனை போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள், யாரென்று சொல்லமாட்டேன், ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு “ஏட்டி, ஒங்க வீடு ரேஷன் கடையா?” என்றாள். இன்னொருத்தி “தள்ளி உக்காரு, தீக்குச்சி உரசினா பத்திரும்” என்றாள். பெஞ்சே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக் கையை நாலு தடவை கழுவினேன்.

இனி அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. மெலிந்த ஆள், காதோரம் பென்சில் செருகியிருப்பார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் தரையில் ஒரு தினத்தாளை விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் கழற்றின வரிசையிலேயே அதில் வைப்பார். மாட்டும்போது கடைசியிலிருந்து திரும்பி வருவார். வேலை முடிந்ததும், மாற்றின பழைய சாமானை அதே தாளில் பொட்டலம் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அப்பா ஒருதடவை “இத நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

“தூரப் போட்டாலும் நீங்கதான் சார் போடணும். கழட்டுன சாமான் வண்டிக்காரருக்குச் சொந்தம். எங்கிட்டக் கெடந்தா, மாத்தினேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்லா” என்று சிரித்தார்.

அந்த ஐப்பசியில் அவர் சந்தோஷமாக இருந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தை பிறந்ததும் நிச்சயம் செய்யலாம் என்று இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அத்தை சொன்னாள். பெண் அவருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். கொட்டகைத் தகரத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தார். புதுப் பலகை எழுதி மாட்டினார்.

வண்டியின் எண்ணெய் ஒழுகலைப் பார்த்ததும் அவர் கண்டுபிடித்துவிட்டார். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்குள் ஒரு கம்பி போய்வரும். கம்பி நுழைகிற ஓட்டையில், எண்ணெய் வெளியே வராமல் கம்பியைக் கவ்விக்கொண்டு நாலணாக் காசு அகலத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச் சீல். அது தேய்ந்துபோயிருந்தது. புதுசு போட்டார். “ரெண்டு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம் சார்” என்றார். அப்பா தலையாட்டினார்.

மறுநாள் காலையில் தரையைப் பார்த்தேன். பழைய கறை இல்லை. ஆனால் மிளகு அளவில் ஒரே ஒரு சொட்டு. அதற்கடுத்த நாளும் ஒரு சொட்டு. குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னாலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் தொங்கிற்று. அதன் நுனியில் வெள்ளையும் கறுப்பும் கலந்து ஒரு துளி நின்றது. குழாய் எதற்கு என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் மூச்சுவிடுகிற குழாய் அது, ஒரு சொட்டு இரண்டு சொட்டு விழுவது இயற்கை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு சொட்டானாலும் மண்ணெண்ணெயைத் தொட்டாக வேண்டும், பெஞ்சில் சிரிப்பார்கள் என்பதுதான்.

அம்மாவுக்கு அப்போது ரத்தக்குறைவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். காலிக் குப்பிகளைக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கி வந்து வைத்திருப்பேன். உங்களில் பலபேர் எங்கள் வாசலில் அந்தக் குப்பிகளில் தண்ணீர் நிரப்பி விளையாடியிருக்கிறீர்கள். குப்பியின் வாயில் சாம்பல் நிறத்தில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். அந்த மூடியைக் குழாய் நுனியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, திருகித் திருகி உள்ளே நுழைத்தேன். மேலே தையல் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி முடிந்தேன். யாரும் பார்க்காமல் இருக்கக் குழாயையே மடித்து இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். வண்டியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார், அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் தரை சுத்தம். எட்டு நாள் சுத்தம். என் கையில் சந்தன சோப்பு வாசனை மட்டும் இருந்தது. என்ன பெருமை எனக்கு! மெக்கானிக்குக்கே தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கூடத்தில் குளம் கட்டி நின்றது எண்ணெய்.

“ரெண்டு வருசம்னான், ரெண்டு வாரம் தாங்கல” என்று அப்பா வண்டியை உருட்டிக்கொண்டு போனார். அண்ணன் கழற்றிப் பார்த்தார். சீல் தன் இடத்திலிருந்து நழுவி வெளியே தள்ளிக்கொண்டு நின்றதாம். “ஒண்ணு ரெண்டு சீல் இப்படித்தான் சார் வரும். நான் வேற போட்டுத் தாரேன்” என்று சொல்லி வேறு போட்டார். அதுவும் பத்து நாளில் போயிற்று. மூன்றாம் தடவை அப்பா அவரை நம்பவில்லை. ஆற்றுப் பாலம் தாண்டி நெல்லை ஜங்ஷனுக்குப் போய், பெரிய கடையில் தாமே ஒரிஜினல் சீல் வாங்கி, பிரிக்காத பொட்டலமாகக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

அதுவும் போயிற்று. இந்தத் தடவை வீட்டில் தெரியவில்லை. எண்ணெய் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குப் போய்விட்டது. மார்கழி மாதம், தூறல் வேறு. கோர்ட்டு வாசலில் திரும்பும்போது சக்கரம் வழுக்கி அப்பா விழுந்தார். வக்கீல்கள், கட்சிக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் பார்க்க விழுந்தார். முழங்கால் சிராய்த்து வேட்டியெல்லாம் ரத்தமும் சேறும். காயத்தைவிட, ஓடிவந்து தூக்கிவிட்டவர்களின் முன்னால் நின்றதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. எனக்குப் பாதிநாள் வகுப்பு. அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு நொண்டிக்கொண்டு வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றி மெதுவாக ஓட்டி, நேரே கொட்டகை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நாலைந்து பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

“நான் வாங்கிக் குடுத்த சீல் எங்கடே?”

அண்ணன் எழுந்து நின்றார். “வண்டிலதான் சார் இருக்கு.”

“வண்டில இருக்கது நான் வாங்குனதுன்னு என்ன ஆதாரம்? ஒரிஜினல எடுத்து ஒளிச்சு வச்சிட்டு டூப்ளிகேட்ட மாட்டிவிடுதியோ? மூணு தடவடே! மூணு தடவ!”

“சார், எங்கப்பா மேல ஆணையாச் சொல்லுதேன்…”

“ஆணையெல்லாம் கோயில்ல போயி வையி.”

காத்திருந்தவர்களில் ஒருவர் பைய எழுந்து தன் வண்டியை உருட்டிக்கொண்டு போனார். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து பைக்கையே பார்த்தபடி சொன்னார். “ஒரு நா வண்டிய விட்டுட்டுப் போங்க சார். உள்ள காத்து அடைக்கிதோன்னு ஒரு சந்தேகம். எஞ்சின் மூச்சு விடுதுக்கு ஒரு பைப்பு இருக்கு. அது அடச்சிருந்தா எந்தச் சீலும் நிக்காது, தள்ளிரும். எனக்கு மொதல்லயே தோணிருக்கணும்.”

என் கண், சட்டத்துக்குப் பின்னால் நான் செருகியிருந்த குழாய்க்குப் போயிற்று.

“மூணு தடவ பாக்காத மூச்ச இப்ப பாக்கப் போறியோ? வண்டிய ஒங்கிட்ட விட்டா மிச்சத்தையும் கழட்டிருவ. வீட்டுக்கு வா, என் கண்ணு முன்னால பாரு” என்றார் அப்பா.

“அஞ்சு மணிக்கு வாரேன் சார்” என்றார் அண்ணன். அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. பைப்பில்தான் கோளாறு என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அவர் நினைத்தது சரிதான்.

சாப்பிட்டுவிட்டு அப்பா முழங்காலில் மருந்து தடவிக்கொண்டு படுத்தார். அம்மா அடுக்களையில். நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். நூலை பிளேடால் அறுத்தேன். மூடி வரவில்லை. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் கசந்தது, அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. குழாய் நுனியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பழையபடி தொங்கவிட்டு, மூடியை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன். என் கணக்கு என்ன தெரியுமா? அடைப்பை எடுத்தாயிற்று, இனிமேல் அண்ணன் போடுகிற சீல் நிற்கும், அவருக்கும் நல்ல பெயர், எனக்கும் அடி இல்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத்தான் பாக்ஸுக்குள் பூட்டுகிறேன் என்று பதின்மூன்று வயதுக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்று சொல்வதும் முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூடத்தில் தினத்தாளை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்து, குழாயைப் பிடித்து வாயில் வைத்து ஊதினார். காற்று தாராளமாகப் போயிற்று. மறுபடி ஊதினார். விரலால் தடவினார்.

“தங்கச்சி” என்றார் வண்டிக்கு அடியிலிருந்து. “இந்தப் பைப்ப யாரும் தொட்டியளா? நுனி ஈரமா இருக்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

“இல்லண்ணே. தரை தொடைக்கும்போது துணி பட்டிருக்கும்.”

“செரிம்மா” என்றார். அவ்வளவுதான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. எழுந்து தாளை மடித்தார்.

“அடைப்பு இருக்கா, இல்லியா?” என்றார் அப்பா.

“இல்ல சார்.”

“பெறவு?”

அண்ணன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப என் கைதான் சரியில்ல போலுக்கு, சார்.”

அவர் போனபிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார். “கேட்டியா? கை சரியில்லன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

திங்கட்கிழமை வண்டி ஜங்ஷனில் ஒரு பெரிய பட்டறைக்குப் போயிற்று. நாலாவது சீல். அது ஐந்து வருஷம் சொட்டு எண்ணெய் விடவில்லை. கண்டவரிடமெல்லாம் அப்பா சொன்னார்: “நல்ல கை பட்டா அதே வண்டிதான், பாத்தியளா?”

தை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கக்கத்தில் குடையோடு ஒரு பெரியவர் வந்தார். பெண்ணுக்குத் தாய்மாமா என்றார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல், அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் கை நனைப்பார்கள்.

“அந்தப் பையன் கைல வண்டி விடுத ஆளு நீங்க. கோர்ட்டு அண்ணாச்சி ஒண்ணு சொன்னா அதுக்கு மேல அப்பீலு கெடையாதுன்னு தெருவுல சொல்லுதாக. நான் பெத்த மக மாதிரி வளத்த பொண்ணு அண்ணாச்சி. உள்ளதச் சொல்லுங்க” என்றார்.

அப்பா உடனே பேசவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். “வேல தெரிஞ்ச பையன். குடி கெடையாது, பீடி கெடையாது, மரியாத உண்டு. ஆனா, நீங்க கேட்டதால சொல்லுதேன். கை சுத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னா, நான் போட மாட்டேன்.”

நான் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் நாலு எட்டுத் தூரத்தில், அலமாரியில் இருந்தது. எடுத்துவந்து திறந்து காட்டியிருக்கலாம். அடி விழுந்திருக்கும். ஒரு வாரம் வலித்திருக்கும். பெரியவர் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்து, “கேட்டது நல்லதாப் போச்சு” என்று குடையை எடுத்துக்கொண்டார்.

“ஒரு வாய்ச்சொல்லு. அத அடக்கிருக்கக் கூடாதா?” என்று அம்மா பிறகு கேட்டாள்.

“பொய் சொல்லச் சொல்லுதியா?” என்றார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லைதான். வீட்டில் பொய் சொன்னவள் வேறொருத்தி.

பேச்சு நின்றுபோயிற்று. கொட்டகை முன்னால் காத்திருக்கும் வண்டிகளும் குறைந்தன. மாசி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டார். ஓடிவிடலாமா என்று இருந்தது.

“தங்கச்சி, அப்பா வண்டி இப்ப எப்படி ஓடுது?”

“நல்லா ஓடுதுண்ணே.”

“எண்ணெ?”

“ஒழுகல.”

“ஒழுகலியா” என்றார். “நல்லது. நல்லாப் படி.”

பங்குனியில் கொட்டகை பூட்டியிருந்தது. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ரப்பர் மூடியை நான் தூர எறியவில்லை. எறியத் தைரியம் இல்லை. பாக்ஸ் துருப்பிடித்து, என்றைக்கோ அம்மா பழைய இரும்புக்காரனுக்குப் போட்டபோது அதுவும் போயிற்று. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி!

எனக்கு முப்பது வயது தாண்டி, அப்பா ஓய்வுபெற்ற பிறகு, ஒருநாள் அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “ஒனக்கு என்ன கோட்டியா? ஒரு ரப்பர் மூடி அடச்சு மூணு சீல் போவுமா? அவனே ஒத்துக்கிட்டாம்லா” என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காப்பி குடிக்கும்போது, “அந்தப் பைப்பு வண்டில எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று கேட்டார். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. அப்புறம் சாகும்வரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன வருஷம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். மகளுக்கு அங்கே வேலை. சென்னையில் வளர்ந்த பிள்ளை, ஸ்கூட்டர் வேண்டாம், பைக்தான் ஓட்டுவேன் என்கிறவள். என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது காலடியில் எண்ணெய் வடிவதைப் பார்த்துவிட்டு, துறைமுகச் சாலையில் ஒரு பட்டறையில் நிறுத்தினாள். நரைத்த தலை, மெலிந்த உடம்பு, காதோரம் பென்சில். தினத்தாளை விரிக்கும் வரைக்கும்கூட என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

வண்டியை அவர் ஒன்றும் கழற்றவில்லை. முதலில் குனிந்து, பின்னால் தொங்கின குழாயைப் பிடித்து வாயில் வைத்து ஊதினார்.

“அது எதுக்கு அங்கிள்?” என்றாள் மகள்.

“மூச்சு பாக்கேன் பாப்பா. எந்த வண்டி வந்தாலும் மொதல்ல இதத்தான் பாப்பேன். சின்ன வயசுல ஒரு வண்டி. புதுச் சீலு மூணு போட்டேன், மூணும் பிச்சிக்கிட்டுப் போயிட்டு. பைப்பு அடச்சிருந்தாத்தான் அப்படிப் போவும். போய் ஊதிப் பாத்தா, அடைப்பே இல்ல. இன்னைக்கி வரைக்கும் எனக்கு வெவரம் புரியல. சில நா தூக்கத்துலகூட ஊதிக்கிட்டு இருப்பேன்” என்று சிரித்தார்.

ஸ்டூலின் மேல் ஓட்டல் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று இருந்தது. வீட்டில் சமைத்துக் கொடுக்க யாரும் இல்லையோ? ஒரு பொட்டலத்தை வைத்து ஒரு மனுஷன் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது, அதை எங்கள் வீட்டில் ஒருதடவை செய்தாயிற்று. ஆனால் கண் அதன்மேலேயே போயிற்று.

மகள் விடவில்லை. “சிம்பிள் அங்கிள். யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டாங்க.”

“யாரு எடுப்பா?” என்றார் அவர். “அந்த வீட்டு சாரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. நேர்மையான மனுசன். ஒரு சின்னப் புள்ள இருந்துச்சு, அதுக்கிட்டயும் கேட்டேன். இல்லண்ணேன்னு சொல்லிட்டு.” துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். “அந்தப் புள்ள பொய் சொல்லாது.”

என் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது. ‘அண்ணே’ என்று ஒரு வார்த்தை போதும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க பைய நெழல்ல உக்காருங்கம்மா. ஒங்களுக்கு எந்த ஊரு, நம்ம நெல்லைப் பக்கமா?”

“இல்ல. மதுரை” என்றேன்.

மகள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள்.